ஸ்லோ குக்கரின் மூடியைத் திறந்து பார்த்தல்: ஓர் ஆய்வு

தமிழில் சமையல் நூல்களுக்குக் குறைவில்லை. வேகவைப்பது, வதக்குவது, தாளிப்பது பற்றியெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். வெந்துகொண்டிருக்கும் பாத்திரத்தைத் திறந்து பார்ப்பது பற்றிய தனி நூல் மட்டும் என் கண்ணில் பட்டதில்லை. சமையலறையில் மற்றெல்லாவற்றையும்விட அதிகமாக நடப்பது அதுதான் என்பதை நோக்க, இந்த மௌனம் வியப்புக்குரியது. அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை. ஆய்வுக்களம், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து எடிசனில் ஒரு தமிழ் வீட்டின் சமையலறை. காலம், குளிர்காலம். முதன்மைத் தகவலாளி, கும்பகோணத்திலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கும் என் அத்தை, அதாவது மனைவியின் தாயார்.

ஸ்லோ குக்கர் என்னும் கருவியின் குலவரலாற்றை முதலில் சொல்லிவிட வேண்டும். சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. இர்விங் நாக்சன் என்ற அமெரிக்கர் 1940இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவின் வில்னியஸ் நகரத்து யூதர்கள் பீன்ஸும் இறைச்சியும் கிழங்கும் போட்ட ‘சோலண்ட்’ பானையை வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிட்டு வருவார்கள். மறுநாள் போய் எடுத்து வந்து உண்பார்கள். தாயார் சொன்ன இந்தக் கதைதான் நாக்சனுக்குத் தூண்டுதல். சனிக்கிழமை ஓய்வுநாளில் தீ மூட்டலாகாது, சமைக்கலாகாது. அடுப்பின் மிச்சச் சூட்டில் பானை தன்பாட்டுக்கு வேகும். நாக்சனின் நிறுவனத்தை ரைவல் நிறுவனம் 1970இல் வாங்கி, அடுத்த ஆண்டே ‘கிராக் பாட்’ என்று பெயர் சூட்டிக் கடைக்குக் கொண்டுவந்தது.

ஆய்வாளர்கள் கவனியாது விட்ட ஒன்று இங்கே உண்டு. யூத சமய நெறிப்படி, முழுதும் வேகாத பண்டத்தை ஓய்வுநாளில் அடுப்பின் மேல் கிளறுவதும் சமைப்பதாகவே கொள்ளப்படும். திறந்த பானையை மறுபடி மூடுவதும் வேக்காட்டை விரைவாக்குவதால் அவ்வாறே. ஆகவே அந்தப் பானையின் மூடிக்குக் கடவுளே காவல். நாக்சன் பானையைக் கொண்டுவந்தார், மூடியைக் கொண்டுவந்தார், அடுப்புக்குப் பதிலாக மின்கம்பியைச் சுற்றினார். காவலை மட்டும் கொண்டுவர வழியில்லை. அப்படிக் காவல் இழந்த மூடிகளில் ஒன்றுதான் எடிசனில் என் அத்தையிடம் அகப்பட்டது.

இனி வெப்பவியல். பீங்கான் பானை மெல்லச் சூடேற, உள்ளே எழும் ஆவி மூடியில் பட்டு நீராகி, வழிந்து விளிம்பில் தேங்கி, மூடிக்கும் பானைக்கும் இடையே நீர்ப்பூட்டாக நிற்கிறது. ‘லோ’, ‘ஹை’ என்று இரண்டு நிலை வைத்திருந்தாலும், பெரும்பாலான குக்கர்களில் இரண்டும் கடைசியில் எட்டுவது கொதிநிலைக்குச் சற்றுக் கீழான ஏறத்தாழ ஒரே சூட்டைத்தான். போய்ச் சேரும் வேகம்தான் வேறு. மூடியைத் தூக்கினால் பூட்டு உடைகிறது, ஆவி போகிறது. ஒரு திறப்புக்கு 15 முதல் 30 நிமிடம் வரை கூட்டிக்கொள்ளச் சொல்கின்றன கையேடுகள். சட்டென்று திறந்து சட்டென்று மூடினால் அவ்வளவு ஆகாது, பீங்கானும் குழம்பும் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கையேடு எழுதுவோர் கொஞ்சம் மிரட்டுகிறார்கள் என்பது என் துணிபு. ஆனால் அத்தை சட்டென்று மூடுகிறவர் அல்லர். ஒரு கையில் மூடி, மறுகையில் கரண்டி என நிற்கும்போதுதான் சின்ன மகளிடமிருந்து வாட்ஸ்அப் அழைப்பு வரும்.

ஏன் திறக்கிறார்கள்? ஆர்வக்கோளாறு என்பது மேம்போக்கான விடை. தமிழ்ச் சமையலறை காதை நம்பி வளர்ந்தது. பருப்புக்கு எத்தனை, கறிக்கு எத்தனை என்று நேரத்தையே விசிலால் அளக்கிறோம். கடுகு வெடித்தாக வேண்டும், பால் குக்கர் கூவியாக வேண்டும். பானை பொங்கி வழிந்தால் அதற்கு ஒரு பண்டிகையே வைத்துக் குலவையிடும் மக்கள், விடிய விடிய வைத்தாலும் பொங்காத ஒரு பாத்திரத்தை எதைக் கொண்டு நம்புவது?

“மாப்பிள்ளை, சத்தமே காணோமே, கரண்ட் இருக்கா?” என்றார் அத்தை.

“இருக்கு அத்தை.”

“அப்ப வேகுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?”

“எட்டு மணி நேரம் ஆனா தெரிஞ்சிரும்.”

அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையைப் பதிவு செய்ய ஆய்வு நெறிகள் இடம் தரவில்லை.

கண்ணாடி மூடி போட்டால் திறக்க மாட்டார்கள் என்று எண்ணியவர் யாரோ, அவர் மனித இயல்பை அறியாதவர். அரை மணி நேரத்தில் உள்பக்கம் ஆவி படிந்து கண்ணாடி வெளுத்துப்போகிறது. இரும்பு மூடியாவது எதையும் காட்டுவதாகச் சொல்லவில்லை. இது காட்டுவதுபோல் காட்டி மறைக்கிறது. தூண்டுதல் குற்றத்தில் பெரும்பங்கு கண்ணாடிக்கே சேரும்.

இந்நிலையில் வீட்டின் அமைதி கருதி நானே ஒரு நூற்பா யாத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன்:

மூடிய மூடி மூடியே இருப்ப
ஆடிய கையொடு அடங்குதல் கடனே.

இதன் பொருள்: மூடியானது மூடியபடியே இருக்க, அதை நோக்கித் துடிக்கும் கையோடு அடங்கி இருத்தல் கடமையாம் என்றவாறு. உப்புப் பார்க்க வேண்டாவோ எனின், கடைசி அரை மணி நேரத்தில் பார்க்க என்க. அடிப்பிடிக்காதோ எனின், சூடு மெல்லப் பரவுவதாலும் நீர் வற்றாமையாலும் அத்துணை எளிதில் பிடிக்காது என்க. அத்தை இதைப் படித்துவிட்டு, எழுத்து நன்றாக இருக்கிறது என்று மகளிடம் சொல்லியிருக்கிறார். படித்தது, மூடியைத் திறப்பதற்கு முன்பா பின்பா என்பது தெளிவாகவில்லை.

திறப்போரில் உப்புப் பார்ப்போர், மணம் பார்ப்போர், கிளறுவோர் என்போர் எளிதில் விளங்குவர். விளங்காதவர், சும்மா பார்ப்போர். கரண்டி எடுப்பதில்லை, முகர்வதில்லை. திறக்கிறார்கள், “ம்” என்கிறார்கள், மூடுகிறார்கள். ஆட்டுக்கால் பாயா வைத்த இரவில் இவ்வகையை நேரில் காண வாய்த்தது. சின்ன வெங்காயம் அடியில், அதன் மேல் கால், இஞ்சி பூண்டு விழுது, மிளகு, சீரகம், மல்லித்தூள். நீர் வற்றாது என்பதால் வழக்கத்தைவிடத் தண்ணீர் குறைவு. இரவு பத்து மணிக்கு ‘லோ’வில் வைத்துவிட்டுப் படுத்தோம். இரண்டு மணிக்குச் சமையலறையில் விளக்கு எரிந்தது. கும்பகோணத்தில் அப்போது பகல் 12.30, எந்த அடுப்பும் சும்மா இருக்கக் கூடாத நேரம். அத்தையின் உடம்பு இன்னும் அங்கேதான் இருந்தது. “வேகலையே” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. காலிலுள்ள ஜவ்வு பசையாக இளகுவதற்குத்தான் இத்தனை மணி நேரமும் வேண்டியிருக்கிறது; அந்த நேரம் பாதிகூட ஆகவில்லை. காலையில் இடியாப்பத்துக்குச் சற்றுத் தாமதமாகவே வந்து சேர்ந்தது பாயா. தாமதத்தின் காரணத்தை எவரும் விசாரிக்கவில்லை.

திறப்பதால் கெடுவது பெரும்பாலும் நேரம்தான். தொடக்க மணி நேரங்களில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பு வேண்டும், ஏனெனில் 60 டிகிரியைத் தாண்டும்வரை கறியில் கிருமிகள் பெருகும். உறைந்த கறியை அப்படியே போடலாகாது என்பதும் இதனால்தான். மூடிக்கே சம்பந்தமில்லாத பெரிய அபாயம் ஒன்று ராஜ்மாவில் இருக்கிறது. ஊறப்போட்ட ராஜ்மாவை நேராக ஸ்லோ குக்கரில் போட்டால் அதிலுள்ள நச்சுப்புரதம் அந்தச் சூட்டில் அழியாமல் போகலாம், வயிறு படாத பாடு படும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் அடுப்பில் தளதளவெனக் கொதிக்கவிட்ட பின்பே போட வேண்டும். இதில் விளையாட்டில்லை.

தடுத்தல் இயலாது என்பது நிறுவப்பட்டுவிட்டதால், எஞ்சியிருப்பது திசைதிருப்பல். இதற்கு ஆய்வாளன் கண்ட வழி சுக்குமல்லிக் காபி. ஒரு லிட்டர் தண்ணீரில் தட்டிய சுக்கு ஒரு துண்டு, மல்லி விதை இரண்டு கரண்டி, மிளகு ஒரு சிட்டிகைக்கு மேல், கிடைத்தால் துளசி. ‘ஹை’யில் இரண்டு மணி நேரம். கருப்பட்டியைத் தனியே கரைத்து, மண் போக வடிகட்டிக் கடைசியில் சேர்க்கலாம். பெயரில்தான் காபி உண்டு, உள்ளே காபித்தூள் கிடையாது. இதை எத்தனை முறை திறந்தாலும் கெடுதியில்லை. பனி பெய்யும் நாளில் மூக்கடைத்தவர் திறந்து ஆவி பிடித்தால் அது வைத்தியத்தில் சேர்ந்துவிடும். அத்தை திறந்தார், மல்லி கொஞ்சம் போட்டார், மூடினார். திறந்தார், ஏலக்காய் ஒன்று போட்டார். அன்று பக்கத்துக் குக்கரில் இருந்த கறிக்குழம்பு எட்டு மணி நேரமும் தீண்டப்படாமல் வெந்தது.

எனவே வீட்டுக்கு இரண்டு ஸ்லோ குக்கர் வேண்டும் என்பது இவ்வாய்வின் பரிந்துரை: ஒன்று சமைக்க, மற்றொன்று திறந்து பார்க்க. பரிசோதனைக்குப் பயன்பட்ட இரண்டாவது, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது. அதை அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள். புதிதாக ஒன்று வாங்கும் செலவை யார் ஏற்பது என்ற வினா இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.