எதில் எத்தனை?

நான் டாக்டர் அல்ல. என்ன மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதை டாக்டர் சொல்லட்டும். அதை பாட்டிலிலிருந்து எப்படி அளந்து எடுப்பது என்று அடுப்படியில் நின்று முழிப்பீர்கள் அல்லவா, என் வேலை அங்கேதான் தொடங்குகிறது. இந்த முறை செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை உள்ள வாசகர்கள் கேட்டவை.

கே: ஒன்றேகால் வயது மகளுக்குக் காய்ச்சல். எடை 10 கிலோ. என் அக்கா தன் பிள்ளைக்கு எப்போதும் 5 எம்.எல். பாராசிட்டமால்தான் கொடுப்பாளாம். நானும் அதையே கொடுக்கலாமா?
— இளந்தாய், சிங்கப்பெருமாள்கோவில்

ப: எந்த பாட்டிலில் 5 எம்.எல். என்று அக்காவைக் கேட்டீர்களா?

மெடிக்கல் ஷாப் அலமாரியில் பாராசிட்டமால் மூன்று அவதாரம் எடுத்து நிற்கிறது. 5 மி.லி.யில் 120 மி.கி. மருந்துள்ள சிரப் ஒன்று. அதே 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப் இன்னொன்று. மூன்றாவது சொட்டு மருந்து. அதில் ஒரே ஒரு மி.லி.யில் 100 மி.கி. இருக்கிறது. இந்த மூன்றில் வீரியம் கூடியது எது? பொடிசுகளுக்கென்று தயாரித்த அந்தச் சின்ன பாட்டில்தான். கைக்குழந்தை நிறைய விழுங்காது, துப்பிவிடும் என்பதால் கொஞ்சம் திரவத்தில் நிறைய மருந்தை அடைத்திருக்கிறார்கள். ‘குழந்தை மருந்துதானே, சாதுவாக இருக்கும்’ என்று நம்பி ஊற்றுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

காய்ச்சலுக்கான வழக்கமான அளவு, கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. உங்கள் மகளுக்கு 100 முதல் 150 மி.கி. நடுவாக 125 என்று வைத்துக்கொள்வோம். முதல் பாட்டிலில் அது ஏறக்குறைய 5 மி.லி.; இரண்டாவதில் இரண்டரை; சொட்டு மருந்தில் ஒன்றேகால். அக்கா சொன்ன 5 மி.லி. முதல் பாட்டிலுக்குப் பொருந்தும். இரண்டாவதில் அது இரு மடங்கு. சொட்டு மருந்தில் 500 மி.கி. ஆகிவிடும், அதாவது உங்கள் கணவர் தலைவலிக்குப் போட்டுக்கொள்கிற முழு மாத்திரை.

வேண்டிய மி.கி.யை பாட்டிலில் எழுதியிருக்கும் மி.கி.யால் வகுத்து, அது எத்தனை மி.லி.யில் இருக்கிறதோ அதனால் பெருக்குங்கள். பள்ளிக்கூடத்தில் ‘நேர் மாறல்’ என்று சொல்லிக்கொடுத்தது இதுதான். அப்போது வேலையாட்களும் குளமும் வந்ததால் நமக்கு வேண்டாதது என்று நினைத்துவிட்டோம். அடுத்த வேளைக்கு ஆறு மணி நேரம் விடுங்கள், நாளுக்கு நான்கு வேளையைத் தாண்டாதீர்கள். காய்ச்சல் நின்று போகவில்லை என்றால் அளவைக் கூட்டக் கூடாது, டாக்டரிடம் போக வேண்டும்.

கே: எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக வெள்ளிச் சங்கில்தான் மருந்து புகட்டுகிறோம். மருமகள் ஊசி இல்லாத சிரிஞ்ச் வாங்கி வந்து என் சங்கை அவமதிக்கிறாள்.
— ஒரு பாட்டி, திருக்கழுக்குன்றம்

ப: சங்கு புகட்டுவதற்கு, சிரிஞ்ச் அளப்பதற்கு. இரண்டுக்கும் வீட்டில் வேலை இருக்கிறது. சிரிஞ்சில் 5 மி.லி. தண்ணீர் எடுத்து உங்கள் சங்கில் விட்டுப் பாருங்கள், அது எங்கே வந்து நிற்கிறது என்று தெரியும். பிறகு அதே தண்ணீரை வீட்டிலுள்ள ஒவ்வொரு டீஸ்பூனிலும் ஊற்றிப் பாருங்கள். ஒன்றில் வழியும், இன்னொன்றில் நிரம்பாது. ஸ்பூன் செய்தவர் சர்க்கரையை மனதில் வைத்துச் செய்திருக்கிறார், மருந்தை அல்ல.

பாத்திரம் மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு அசாம் சாட்சி. 2001 நவம்பரில் அங்கே குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் கொடுக்கும் இயக்கம் நடந்தது. வழக்கமாகக் கொடுத்துவந்த 2 மி.லி. கரண்டிக்குப் பதிலாக 5 மி.லி. கோப்பைகள் வந்து சேர்ந்தன. ஏராளமான குழந்தைகள் நோய்வாய்ப்பட, நாடெங்கும் சர்ச்சையானது. மருந்து அதேதான், மாறியது கரண்டி. மருமகளைக் கொஞ்சம் மன்னியுங்கள்.

கே: சிற்ப சாஸ்திரத்தில் தாளக் கணக்கு தெரிந்தால் எந்த உயரத்திலும் சிலை வடிக்கலாம். அதுபோல, பெரியவருக்கான மருந்தளவைச் சுருக்கினால் குழந்தைக்கான அளவு வந்துவிடாதா?
— சிற்பக் கல்லூரி மாணவர், மாமல்லபுரம்

ப: தம்பி, உங்கள் சாஸ்திரமே உங்களுக்கு எதிர்க்கட்சி. மும்மூர்த்திகளுக்கு உத்தம தசதாளம். குழந்தைக் கண்ணனுக்குப் பஞ்சதாளம். பெரிய விஷ்ணுவை அப்படியே சுருக்கினால் குட்டி விஷ்ணுதான் கிடைப்பார், குழந்தை கிடைக்காது. மருத்துவமும் அதையே சொல்கிறது. பச்சிளங்குழந்தையின் கல்லீரலும் சிறுநீரகமும் அளவில் மட்டும் சிறியவை அல்ல, வேலையே இன்னும் முழுதாகப் பழகாதவை. அதனால் சில மருந்துகளைக் குழந்தைக்குக் கொடுக்கவே மாட்டார்கள், எத்தனை துணுக்காக உடைத்தாலும். பெரியவருக்கு எழுதிய மாத்திரையை நாலாகக் கிள்ளிப் பேரனுக்குக் கொடுப்பதும் இந்த வகையில்தான் சேரும்.

எதிர்த்திசையிலும் கணக்கு ஓடாது. கிலோவுக்கு 15 மி.கி. என்று 90 கிலோ மாமாவுக்குப் பாராசிட்டமாலைப் பெருக்கினால் 1,350 மி.கி. வரும். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு உச்சவரம்பு 1,000 மி.கி. மாமா எவ்வளவு சாப்பிட்டு வளர்ந்திருந்தாலும் அந்த வரம்பு வளராது.

கே: எடையைப் பார்த்துத்தான் மருந்து என்கிறீர்கள். என் மகன் 12 கிலோ. தோட்டத்தில் பாம்பு கடித்தால் விஷமுறிவு மருந்து அவனுக்குக் கால் பங்கு போதுமா?
— தோட்டக்காரர், வடநெம்மேலி

ப: இந்தக் கேள்வியை எந்த ஊரிலிருந்தும் அனுப்பலாம், நீங்கள் வடநெம்மேலியிலிருந்து அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள் ஊரில்தான் 1978இல் உருவான இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் எடுத்து, முறிவு மருந்து தயாரிக்கும் நிறுவனங்களுக்கு அனுப்புகிறது. அந்த விஷத்தைத் துளித்துளியாகக் குதிரைக்குச் செலுத்தி, குதிரையின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துத்தான் மருந்து தயாராகிறது. பாம்பு பிடிக்கும் கலையை உலக நாடுகளுக்குக் கொண்டுபோன வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இப்போது உங்கள் கணக்கு. கால் பங்கு கிடையாது, அரைப் பங்கும் கிடையாது. 12 கிலோ பையனுக்கும் 70 கிலோ அப்பாவுக்கும் ஒரே அளவு. ஏனென்றால் இந்த மருந்து வேலை செய்வது பையனின் உடம்பின் மீது அல்ல, பாம்பின் விஷத்தின் மீது. பாம்பு கடிக்கும்முன் யாரையும் தராசில் நிறுத்துவதில்லை. சொல்லப்போனால் பையன் நிலைமைதான் மோசம். அதே விஷம் சின்ன உடம்பில் பரவுகிறது.

முதல் தவணையாக 8 முதல் 10 குப்பி என்று இந்தியாவின் சிகிச்சை நெறிமுறை சொல்வது எங்கிருந்து வந்தது தெரியுமா? கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மி.கி. விஷத்தைச் செலுத்துகிறது. முறிவு மருந்து 1 மி.லி., அதன் விஷத்தில் 0.6 மி.கி.யை முறிக்கும். ஒரு குப்பி 10 மி.லி., ஆகவே ஒரு குப்பிக்கு 6 மி.கி. பத்துக் குப்பிக்கு 60. உயிர் காக்கும் அளவு ஒன்றுக்குப் பின்னால் இருப்பது ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்.

ஆனால் எடை முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. அந்த மருந்தைக் கலந்து ஏற்றும் சலைன் திரவம் குழந்தைக்குக் கிலோவுக்கு 5 முதல் 10 மி.லி.; உங்கள் மகனுக்கு 60 முதல் 120 மி.லி.க்குள். மருந்து பாம்பைப் பார்க்கிறது, தண்ணீர் பையனைப் பார்க்கிறது. இதெல்லாம் ஆஸ்பத்திரிக்காரர்களின் கணக்கு. கடித்தால் உங்கள் கணக்கு மூன்றே இலக்கம்: 108. கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், கடித்த கை காலை அசைக்காமல் கொண்டுபோங்கள்.

கே: சீட்டில் 1-0-1 என்று எழுதியிருக்கிறார். நூற்றொரு மாத்திரையா?
— குறும்புக்காரர், மதுராந்தகம்

ப: காலை ஒன்று, மதியம் ஒன்றுமில்லை, இரவு ஒன்று. மொய் எழுதுவது வேறு இடத்தில்.

கே: அம்மாவுக்கு 20 யூனிட் இன்சுலின். வழக்கமான சிவப்பு மூடி சிரிஞ்ச் தீர்ந்துவிட்டது. கடைக்காரர் ஆரஞ்சு மூடி கொடுத்து, ‘எல்லாம் ஒன்றுதான், 20இல் நிறுத்துங்கள்’ என்றார். நிறுத்தலாமா?
— மகள், திருப்போரூர்

ப: கடையிலேயே நிறுத்தியிருக்க வேண்டும். சிவப்பு மூடி சிரிஞ்ச், 1 மி.லி.யில் 40 யூனிட் உள்ள இன்சுலினுக்கு. ஆரஞ்சு மூடி, 1 மி.லி.யில் 100 யூனிட் உள்ளதற்கு. நம் ஊர்க் குப்பிகளில் பெரும்பாலானவை 40. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100.

40 யூனிட் குப்பியில் 20 யூனிட் என்பது அரை மி.லி. ஆரஞ்சு சிரிஞ்சில் 20 என்ற கோடு 0.2 மி.லி.யில் இருக்கிறது. அந்தக் கோட்டில் நிறுத்தினால் அம்மாவுக்குப் போவது 8 யூனிட். சர்க்கரை ஏறும், நீங்கள் அம்மா ஒளித்து வைத்துச் சாப்பிட்ட மைசூர்பாகைத் தேடுவீர்கள். இதைவிட ஆபத்து தலைகீழ் வழக்கு. பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து 20இல் நிறுத்தினால் உள்ளே போவது 50 யூனிட், இரண்டரை மடங்கு. சர்க்கரை தரைதட்டி மயக்கம் வரும், உயிருக்கே கூட ஆபத்து.

‘சரி, ஆரஞ்சு சிரிஞ்சில் 50வது கோடு வரை எடுத்தால் அரை மி.லி. தானே?’ என்று கேட்கப் போகிறீர்கள். கணக்கு சரி, செய்யாதீர்கள். இன்று நீங்கள் போடுவீர்கள், நாளைக்கு உங்கள் தம்பி போடுவார்; அவருக்கு இந்தப் பெருக்கல் தெரியாது. குப்பியின் எண்ணும் சிரிஞ்சின் எண்ணும் ஒன்றாக இருக்கட்டும். கடைக்குத் திரும்பிப் போய்ச் சிவப்பு மூடி கேளுங்கள்.

கே: லண்டனிலிருக்கும் என் தம்பி தனக்குச் சர்க்கரை வெறும் 7 என்கிறான். எனக்கு 126. அங்கே தண்ணீர் நல்லதோ?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சதுரங்கப்பட்டினம்

ப: அவருடைய 7ஐ 18ஆல் பெருக்குங்கள். 126 வரும். பிரிட்டனில் லிட்டருக்கு மில்லிமோல் என்று எண்ணுகிறார்கள், நாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம். பெருமைப்பட அவருக்கும் ஒன்றுமில்லை, உங்களுக்கும் ஒன்றுமில்லை. வெறும் வயிற்றில் எடுத்த அளவு என்றால் இருவரும் சேர்ந்தே டாக்டரைப் பார்க்கலாம்.

கே: பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்தால் சீக்கிரம் தெம்பு வருமே?
— மீனவர், கோவளம்

ப: கடலை அறிந்தவர் கேட்கிற கேள்வியா இது? பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அதில் சாதாரண உப்பு மட்டும் 2.6 கிராம். 200 மி.லி. டம்ளரில் கரைத்தால் ஐந்து மடங்கு செறிவு, லிட்டருக்கு 13 கிராம் கணக்கு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். உங்கள் பிள்ளைக்கு மூன்றில் ஒரு பங்கு கடலைக் கொடுக்கிறீர்கள். உப்பு உடம்பிலிருக்கும் தண்ணீரையும் வெளியே இழுக்கும். டம்ளர்தான் வேண்டும் என்றால் 200 மி.லி.க்கான சின்னப் பொட்டலமும் கடையில் உண்டு. மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

கே: அப்பாவுக்கு ஏழு மாத்திரை. ஒன்று தினமும், ஒன்று வாரம் ஒருமுறை. எது எப்போது என்று குழம்புகிறது.
— மகன், செங்கல்பட்டு

ப: விடை உங்கள் ஊர் ஓரத்திலேயே இருக்கிறது. திருமணியில் 1955 முதல் மத்திய தொழுநோய் பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. தொழுநோய்க்கான கூட்டு மருந்து எப்படி வரும் பார்த்திருக்கிறீர்களா? 28 நாளைக்கு ஒரு அட்டை. முதல் நாளுக்கான ரிஃபாம்பிசின் 600 மி.கி. உள்ளிட்ட மாதாந்திரத் தவணை மேலே தனியாக. மீதி 27 நாள் மாத்திரைகள் கீழே வரிசையாக. சிறுவர்களுக்கு வேறு அட்டை. நோயாளி எதையும் எண்ண வேண்டியதில்லை, கணக்கையெல்லாம் அட்டையே போட்டு முடித்துவிட்டது.

அப்பாவுக்கும் அப்படி ஒரு வாரப் பெட்டி வாங்கி, ஞாயிறன்று நிரப்பி வையுங்கள். முக்கியமாக அந்த வார மாத்திரை. 60,000 யூனிட் வைட்டமின் டி, மூட்டுவாதத்துக்கான மெத்தோட்ரெக்சேட் இரண்டும் பெரும்பாலும் வாரத்துக்கு ஒருமுறைதான். மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் விழுங்கி உயிரையே இழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. பெட்டியில் ஒரே கிழமையில் மட்டும் அது இருக்கட்டும். மீதி மாத்திரை உள்ள அட்டையை அப்பாவின் கைக்கெட்டாமல் வையுங்கள்.

கே: பத்தாம் வகுப்பில் கணக்கில் 35 வாங்கியவன் நான். இப்போது படுக்கையில் இருக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. பயமாக இருக்கிறது.
— ஆட்டோ ஓட்டுநர், கல்பாக்கம்

ப: 35 தாராளம். ஆயிரம் மைக்ரோகிராம் ஒரு மில்லிகிராம், ஆயிரம் மில்லிகிராம் ஒரு கிராம்; தைராய்டு மாத்திரை மைக்ரோகிராமில் வரும், பிரஷர் மாத்திரை மில்லிகிராமில் வரும். அரையை .5 என்று எழுதாமல் 0.5 என்று எழுதுங்கள். புள்ளி அழிந்தால் ஐந்தாகிவிடும். விடை நாலு மாத்திரை, அரை பாட்டில் என்று வந்தால் மருந்தைத் தொடாமல் கணக்கை மறுபடி போடுங்கள்; ஒரு வேளை மருந்து பெரும்பாலும் ஒன்றிரண்டு மாத்திரைக்குள் அடங்கிவிடும்.

இன்னொன்று. பரீட்சை ஹாலில் தடைசெய்திருந்த அந்தக் காரியம், பக்கத்து ஆளோடு விடையை ஒப்பிடுவது, இங்கே கட்டாயம். மனைவியோ, வீடு தேடி வரும் சுகாதாரத் தன்னார்வலரோ, நர்ஸோ யாராவது ஒருவர் தனியாக ஒரு முறை போடட்டும். ஒரே நிபந்தனை: அவர் தாளை எட்டிப் பார்ப்பதற்கு முன் உங்கள் விடையை எழுதி முடித்திருக்க வேண்டும்.