குப்பைக்கும் குதிரைக்கும் பிறகு

மென்பொருள் எழுதும் கம்பெனிகளில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. வாடிக்கையாளர் வாய் திறந்து எதைக் கேட்டாலும் அதற்கு ஓர் எண் போட்டுவிடுவார்கள். யார் கேட்டது, என்றைக்குக் கேட்டது, யார் பொறுப்பு, எப்போது முடியும், முடிந்துவிட்டதை எப்படிச் சோதிப்பது என்று எல்லாமே அந்த எண்ணுக்குக் கீழே இருக்கும். ஜிரா போன்ற செயலிகள் இதை வைத்தே பிழைக்கின்றன. கேட்டதையெல்லாம் ஒரேயடியாகச் செய்ய முடியாது என்பதால், 1994-ல் ஆரக்கிள் நிறுவனத்தில் இருந்த டாய் கிளெக் என்பவர் நான்கு பெட்டிகள் வகுத்தார்: இல்லாமல் முடியாதது, இருக்க வேண்டியது, இருந்தால் நல்லது, இந்தத் தடவை கிடையாது. இதற்கு 'மாஸ்கோ' முறை என்று பெயர். நேர்மை தேவைப்படுவது நான்காவது பெட்டிக்குத்தான். கிடையாது என்றால் கிடையாது என்று கேட்டவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியாக வேண்டும்.

நம் அரசியல்வாதிகளிடம் அந்த நான்காவது பெட்டி மட்டும் இல்லை. மற்றபடி எல்லாம் இருக்கிறது.

வட சிலாங்கூரில், கேட்டதற்கு எண் போட்டுக் கணக்கு வைக்கும் இந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர் பல்கலைக்கழகமே இருக்கிறது, கணினித் துறையோடு. பத்தாங் பெர்ஜுந்தை என்று நம் பெரியவர்கள் இன்னும் சொல்லும் அதே ஊர்தான். அந்தப் பக்கத்துச் செம்பனைக் காடுகளுக்குள்தான் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார் உள்ளிட்ட ஐந்து தோட்டங்கள். அங்கே ஆயுள் முழுக்க உழைத்தவர்கள் கேட்டது ஒன்றுதான்: லயத்தை விட்டு வெளியே போகும்போது சொந்தமாக ஒரு வீடு. அந்தக் கோரிக்கை கால் நூற்றாண்டு வரிசையில் நின்றது.

கணக்கு வைக்கத் தெரியாத மண்ணா இது? விடியற்காலைப் பெரட்டில் ஒரு தலை குறைந்தால் கிராணிக்குத் தெரியும். வாளிப் பாலில் தண்ணீர் கலந்தால் தெரியும். ஒட்டுப்பால் நிறுவையில் குறைந்தால் தெரியும். மழையில் பாதியோடு திரும்பியவனுக்கு செக்ரோலில் அரை நாள் போட அவருக்குக் கண் இமைக்கும் நேரம் போதும். உலகத்தில் எந்த மென்பொருளும் தோற்றுப்போகும் கண்காணிப்பு அது. தொழிலாளி கொடுத்ததெல்லாம் ஏட்டில் ஏறியது. தொழிலாளி கேட்டதற்கு மட்டும் ஏட்டில் பத்தி இல்லை.

மற்றவர்கள் கேட்டதற்கு இருந்தது. 2004-ல் பெர்ஜாயா குழுமம் சிலாங்கூர் குதிரைப் பந்தய மன்றத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. சுங்கை பீசியில் மன்றத்துக்கு இருந்த நிலம் குழுமத்துக்கு வரும். பதிலுக்கு மன்றத்துக்குச் சுங்கை திங்கியில் 750 ஏக்கரும் அதில் புதிதாகக் கட்டிய பந்தயத் திடலும் கிடைக்கும். எந்த நிபந்தனை நிறைவேறியது, எது பாக்கி, யாருடைய அனுமதி வரவேண்டும், கெடு எதுவரை நீட்டிக்கப்பட்டது என்று அடுத்து வந்த ஆண்டுகளில் பங்குதாரர்களுக்கான அறிக்கைகள் வரி பிசகாமல் ஒப்பித்தன. தேவைகளைப் பின்தொடர்வது எப்படி என்று பாடம் நடத்த இதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. ஆண்டுகள் ஓடின, குதிரை வரவில்லை. ஆனால் வராத குதிரைக்குக் கணக்கு இருந்தது. இருந்த மனிதருக்கு இல்லை.

குப்பையின் கதை இன்னும் கௌரவமானது. கோலாலம்பூர் குப்பையைக் கொட்ட இடமில்லை என்று கோரிக்கை எழுந்தது. அது நேராக முதல் பெட்டிக்குப் போனது: இல்லாமல் முடியாதது. 2005-ல் புக்கிட் தாகாரில் குப்பை நிலம் இயங்கத் தொடங்கிவிட்டது. குப்பைக்கு 700 ஏக்கர். அதன் அமைதிக்கு யாரும் பங்கம் விளைவிக்காமலிருக்கச் சுற்றிலும் 1,000 ஏக்கர் காப்பு நிலம். ஐந்து தோட்டத்துச் சனங்களின் வீடுகளுக்கு வேண்டியிருந்தது சுமார் 20 ஏக்கர். தலைநகரத்தார் தின்று எறிந்த மிச்சத்துக்கு இந்த மண்ணில் கிடைத்த முன்னுரிமை, இந்த மண்ணில் பால் வெட்டியவனுக்குக் கிடைக்கவில்லை. இதைப் படிக்கும்போது கோபம் வராதவர் யாராவது இருந்தால் அவருக்கு உடனே ஒரு டத்தோ பட்டம் கொடுத்துவிடலாம்.

மகஜர் மட்டும் போய்க்கொண்டே இருந்தது. வாங்கிக்கொள்பவர் சிரிக்கும் படம் பத்திரிகையில் வரும், மகஜருக்குப் பிறகு என்ன ஆனது என்பது வராது. நிலம் மாநில விவகாரம், மந்திரி பெசாரைப் பாருங்கள் என்பார் மத்தியில் இருப்பவர். நிதி மத்தியில் இருக்கிறது, புத்ராஜெயாவைக் கேளுங்கள் என்பார் மாநிலத்தில் இருப்பவர். நிலத்தை வைத்திருக்கும் கம்பெனியோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்பார்கள் இருவரும். 2008-ல் சிலாங்கூரில் ஆட்சி மாறியது, 2018-ல் நாட்டிலேயே மாறியது. நாற்காலிகள் கை மாறின, கோரிக்கை இருந்த இடத்திலேயே இருந்தது. தேர்தல் வந்தால் மட்டும் அதற்கு உயிர் வரும். 2010 ஏப்ரலில் ஹுலு சிலாங்கூர் இடைத்தேர்தல் வந்தபோது தோட்டத்துச் சனங்களின் கவலை இரு தரப்புக்கும் தலையாய கவலை. ஓட்டு எண்ணி முடித்ததும் மறுபடி 'இருந்தால் நல்லது' பெட்டி.

2023-ல் அந்த ஐந்து தோட்டத்து 245 குடும்பங்களுக்கு வீடு என்று அறிவிப்பு வந்தது. மகிழ்ச்சிதான். அதே ஆண்டு ஆகஸ்டில் மாநிலத் தேர்தலும் வந்தது தற்செயல் என்றே நம்புகிறேன். நம்பாமல் எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். கால் நூற்றாண்டு தாமதமாகச் சரக்கை ஒப்படைக்கும் மென்பொருள் கம்பெனியிடம் வாடிக்கையாளர் என்ன கேட்பார்? நஷ்டஈடு கேட்பார். நாம் கேட்கவில்லை, நன்றி சொன்னோம். முதல் மகஜரில் கையெழுத்துப் போட்டபோது நாற்பது வயதாக இருந்தவருக்கு அறிவிப்பு வந்தபோது அறுபத்தைந்து. அந்த இருபத்தைந்து ஆண்டுக்கு வட்டி யார் தருவது என்று மேடையில் ஒரு ஒய்.பி.கூட வாய் திறக்கவில்லை.

தோட்டத் தொழிலாளருக்குச் சொந்த வீடு என்ற பேச்சே துன் ரசாக் பிரதமராக இருந்த 1970-களில் தொடங்கியது. 1973 என்று ஆண்டையும் குறித்துச் சொல்கிறார்கள். டாய் கிளெக் உட்கார்ந்து பெட்டி பிரித்த ஆரக்கிள் நிறுவனம் தொடங்கியதே 1977-ல்தான். முன்னுரிமை வகுக்கும் முறைக்கும், அதை வகுத்தவர் வேலை பார்த்த கம்பெனிக்கும் மூத்தது நம் கோரிக்கை.

கோலா சிலாங்கூர் பக்கம் இன்னும் எத்தனையோ லயங்களில் அடுத்த மகஜரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வார்த்தை. மகஜரைக் கொடுத்தால் கையோடு ரசீது வாங்குங்கள். அதில் எண் இருக்கட்டும், தேதி இருக்கட்டும், பொறுப்பேற்கும் அதிகாரியின் பெயரும் முடிக்கும் நாளும் இருக்கட்டும். ஒவ்வொரு மாதமும் ரசீதோடு அந்த அலுவலகத்துக்குப் போய் நில்லுங்கள். நாள் குறிக்க மறுப்பவர் ஓட்டுக் கேட்டு உங்கள் லயத்துக்கு வந்தால் நாற்காலி போடாதீர்கள். மாலையை மாரியம்மனுக்கே போட்டுவிடுங்கள்.