பழைய இரும்புக்கு ஜப்பான் கியர்

எடைக்குப் போட வேண்டிய பழைய சைக்கிளை வாங்கி, அதில் பந்தயச் சைக்கிளின் விலையுயர்ந்த உறுப்புகளைப் பூட்டி ஓட்டுபவர் கலப்புச் சைக்கிள்காரர். தேனியிலிருந்து கூடலூர் வரை கம்பம் பள்ளத்தாக்கின் எந்த ஊரிலும் இவரைக் காணலாம். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். கூட்டுறவு வங்கியிலோ பள்ளிக்கூடத்திலோ போடி ஏலக்காய் மண்டியிலோ உத்தியோகம். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினம் அரைமணி நேரம் நடங்கள் என்று டாக்டர் ஒருமுறை எழுதிக் கொடுத்திருப்பார். பின்னால் நடக்கும் எல்லாச் செலவுக்கும் அந்தச் சீட்டுதான் மூலப்பத்திரம்.

இவரைக் கஞ்சன் என்று சொல்லவும் வழியில்லை, ஊதாரி என்று சொல்லவும் வழியில்லை. புது ரேஸ் சைக்கிள் ஒன்றரை லட்சம் என்று கேட்டால், "சைக்கிளுக்கா?" என்று கொதித்துப் போவார். அறுநூறு ரூபாய்க்கு வாங்கிய சைக்கிளுக்கு அதே ஒன்றரை லட்சத்தை இரண்டு வருடத்தில் தவணை தவணையாகச் செலவழிப்பார். சைக்கிள் என்ன விலை என்று யாராவது கேட்டால், "அறுநூறு" என்று பதில் வரும். அதில் பொய் எதுவும் இல்லை. மீதியெல்லாம் சாமான்.

முதல் வேலை ஃபிரேம் தேடுவது. இதற்குப் பள்ளத்தாக்கில் பஞ்சமே கிடையாது. திராட்சைத் தோட்டத்து மோட்டார் ரூமுக்குப் பின்னால், தொழுவத்துப் பரணில், பழைய இரும்புக் கடையில் என்று கறுப்புப் பெயின்ட் உரிந்த ஹெர்குலிஸ், பிலிப்ஸ், அட்லஸ், ராலே எங்கும் கிடக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த விலையில்லாச் சைக்கிளும் பக்கத்திலேயே கிடக்கும். அதை இவர் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். தாத்தா ஓட்டிய சைக்கிளாக இருக்க வேண்டும். யாருடைய தாத்தா என்பது முக்கியமில்லை.

விலை வாயைப் பொறுத்தது. "இந்த இரும்பு என்ன வெலைண்ணே?" என்று கேட்டால் கடைக்காரர் தராசில் வைப்பார். "இது விண்டேஜ் மாடலாண்ணே?" என்று வாய் தவறிவிட்டால் தராசு உள்ளே போய்விடும்.

வாங்கிய கையோடு ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் தகட்டுச் சின்னத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைப்பார். பர்மிங்காம் என்று தெரிய வேண்டும் என்பது வேண்டுதல். தெரிவது பெரும்பாலும் அம்பத்தூர். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ்தான் ஹெர்குலிஸையும் பிலிப்ஸையும் தமிழ்நாட்டில் தெருத்தெருவாக ஓடவிட்டது. ராலே என்றால் ஆசன்சோலில் சென்-ராலே, அட்லஸ் என்றால் சோனிபட், ஹீரோ என்றால் லூதியானா. இந்த வரலாறு முழுவதும் இவருக்கு மனப்பாடம். தம்முடைய சைக்கிளுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு என்று நம்புகிறார். குழாயை நகத்தால் சுண்டி, "கேளுங்க, ரெனால்ட்ஸ் 531 சத்தம்" என்பார். அது பர்மிங்காமில் 1935-இல் வெளிவந்த மெல்லிய எஃகுக் குழாய். பந்தய வீரர்களுக்காகச் செய்தது. பின்னால் பால் கேனும் பாரில் ஒரு பிள்ளையும் ஏற்றிக்கொண்டு போக வேண்டிய வண்டிக்கு அந்தக் குழாயைப் போட எந்த ஆலைக்கும் கிறுக்குப் பிடிக்கவில்லை. சுண்டும்போது கேட்பது கெட்டியான சாதாரண எஃகு.

அடுத்தது கழற்றுவது. கேரியர், ஸ்டாண்ட், மட்கார்டு, செயின் கவர், டைனமோ, கம்பி பிரேக், காட்டர் பின் போட்ட கிராங்க் என்று ஒவ்வொன்றாகக் கீழே வரும். முழுச் சைக்கிள் இருபது கிலோ தேறும். உலகச் சைக்கிள் சம்மேளனம் பந்தயச் சைக்கிளுக்கு விதித்திருக்கும் குறைந்தபட்ச எடை 6.8 கிலோ, இவருடைய ஃபிரேமும் முன் ஃபோர்க்குமே அதில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். அது தெரிந்தும் சமையலறைத் தராசில் போல்ட்டுகளை நிறுப்பார். இரும்பு போல்ட்டை எடுத்துவிட்டு டைட்டானியம் போட்டதில் பத்து கிராம் மிச்சம் என்று நோட்டில் ஏறும். அன்று ராத்திரி தின்ற நான்கு பரோட்டா நோட்டில் ஏறாது.

கழற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பூட்டத்தான் ஒரு வருடம் ஆகும், ஏனென்றால் எந்த அளவும் எதனோடும் ஒத்துப்போகாது. பழைய சக்கரம் 28-க்கு ஒன்றரை. அதில் டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ. ரேஸ் சக்கரத்தில் அது 622. ஆகவே புது ரிம் ஒவ்வொரு பக்கமும் ஆறரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளி நிற்கும். ரேஸ் பிரேக்கின் கை அவ்வளவு தூரம் எட்டாது. பெடல் அச்சு உட்காரும் குழாயின் மறை இன்னொரு தலைவலி. உலகத்து ரேஸ் சைக்கிள்களில் பல ஏற்றிருக்கும் மறைக்கு பிஎஸ்ஏ என்று பெயர். அங்குலத்துக்கு 24 சுற்று. துப்பாக்கி செய்துவந்த பர்மிங்காம் கம்பெனியின் அளவு அது. அதே பெயரில் வந்த பெண்பிள்ளைகளின் லேடிபேர்டு சைக்கிளை ஓட்டிப் பழகிய ஊரில், இத்தாலி கிராங்க்குக்கும் பிஎஸ்ஏ மறைதான் வேண்டும் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. பழைய ராலே அங்குலத்துக்கு 26 சுற்று என்று தனிவழி போனது. எந்த ஃபிரேமில் எது இருக்கிறது என்பது கிராங்க் வாங்கிய பிறகுதான் தெரியவரும். சீட் போஸ்ட்டில் பேச்சுக்கே இடமில்லை. கார்பன் போஸ்ட் பெரும்பாலும் 27.2 மி.மீ., பழைய குழாய் அதைவிட ஒடுக்கம். அந்தக் கார்பன் போஸ்ட் இன்றுவரை டிவி ஸ்டாண்டில் பூச்சாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் பின் சக்கரம். பல கியர் கொண்ட ரேஸ் ஹப் உட்கார 130 மி.மீ. இடைவெளி வேண்டும். பழைய ஃபிரேமில் ஒரு விரற்கடை குறையும். இரும்பாக இருப்பதால் விரிக்கலாம். அலுமினியத்தையோ கார்பனையோ இப்படி விரித்தால் பிளந்துபோகும். இவர் வீடியோ பார்த்துவிட்டு, மறைக்கம்பி ஒன்று, நட்டு இரண்டு, வெர்னியர் காலிபர் ஒன்று ஆகியவற்றோடு சைக்கிள் கடைக்குப் போவார். கடைக்காரர் அறுபது வயதைத் தாண்டியவர். பஞ்சர் பார்ப்பதும் கோட்டம் எடுப்பதுமாக மூன்று ஊரின் சைக்கிள்களைக் கைக்குள் வைத்திருந்தவர். மறைக்கம்பியை வாங்கி ஓரமாக வைப்பார். ஃபிரேமைத் தரையில் சாய்த்து, ஒரு பக்கத்தை மிதித்துக்கொண்டு மறுபக்கத்தை இழுப்பார். திருப்பிப் போட்டு அதே மாதிரி இன்னொரு இழுப்பு. பிறகு ஒரு சணல் கயிற்றை எடுத்து, பின்கவையின் ஒரு நுனியில் கட்டி, முன்கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து மறு நுனியில் முடிவார். சீட் குழாய்க்கும் கயிற்றுக்கும் நடுவே இந்தப் பக்கம் ஒரு விரல், அந்தப் பக்கம் ஒரு விரல் விட்டுப் பார்ப்பார். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருந்தால் ஃபிரேம் நேர். "இப்ப அளந்து பாருங்க தம்பி" என்பார். காலிபர் 130 காட்டும்.

"எம்புட்டுண்ணே?"

"அம்பது ரூவா குடுங்க. ஆமா, அந்தச் சின்ன டப்பாவுல இருக்கிற கியர் என்ன வெல?"

இந்த இடத்தில் இவர் குரலைத் தாழ்த்துவார். தொகை காதில் விழுந்ததும் கடைக்காரர் சொல்வதும் ஊருக்கு ஊர் மாறுவதில்லை: "இம்புட்டுக் காசுக்கு ஒரு எக்ஸ்எல் வாங்கியிருக்கலாமேப்பா."

கேள்வி நியாயமானது. வைக்கோல் கட்டு, திராட்சைக் கூடை, பிள்ளைகள் என்று எதை வைத்தாலும் மறுபேச்சில்லாமல் இழுக்கும் டிவிஎஸ் எக்ஸ்எல்தான் பள்ளத்தாக்கின் அளவுகோல். ஷிமானோவின் உச்சப் படைப்பான டூரா ஏஸ் மின் கியர்த் தொகுதியின் விலையில் பல எக்ஸ்எல் வந்துவிடும். ஜப்பானின் சக்காய் நகரில் 1921-இல் தொடங்கிய ஷிமானோ, டூரா ஏஸை 1973-இல் கொண்டுவந்தது. கலப்புச் சைக்கிள்காரர்களில் ஷிமானோ கட்சி பெரிது. இத்தாலியின் விசென்சாவில் 1933-இல் பிறந்த காம்பக்னோலோ கட்சி சிறிது; ஆனால் பேச்சு அதிகம். இருவரும் சந்தித்தால் டீ ஆறிப்போகும். போடியில் ஏலக்காய் விலை பார்ப்பது போலக் காலையில் எழுந்ததும் இவர்கள் செகண்ட்ஹேண்ட் கியர் விலை பார்க்கிறார்கள். பார்சல் வீட்டு முகவரிக்கு வராது. நண்பரின் மெடிக்கல் ஷாப்புக்கு வரும். வீட்டில் கேட்டால், "பழைய சாமான், சும்மா குடுத்தாங்க" என்று ஒரு விடை தயாராக இருக்கும். அந்த விடையை வீட்டில் யாரும் நம்பியதில்லை. அடுத்த நகைச் சீட்டுக்குப் பணம் கேட்கும்போது பயன்படும் என்று சேர்த்து வைக்கிறார்கள்.

உலகம் முழுக்க இந்த வியாதி உண்டு. இத்தாலியின் டஸ்கனியில் 1997 முதல் எரோய்கா என்று ஒரு சைக்கிள் ஓட்டம் நடக்கிறது. 1987-க்கு முந்திய ரேஸ் சைக்கிளில், அந்தக் காலத்துச் சாமான்களோடுதான் வர வேண்டும் என்பது சட்டம். இவருடைய சைக்கிளை அங்கே கொண்டுபோனால் கியர் புதிது என்று நிறுத்திவிடுவார்கள். இக்காலப் பந்தயத்துக்குக் கொண்டுபோனால் ஃபிரேம் பழையது என்று சிரிப்பார்கள். இரண்டு சபையிலும் இடமில்லாத வண்டியைக் கட்டியதில் இவருக்குத் தனிப் பெருமை.

வண்டி முடிந்ததும் வரும் முதல் ஆயுத பூசை ஒரு சோதனை. அம்மா குங்குமத்தோடு வருவார். ஹேண்டில்பாருக்கு ஒரு பொட்டு, சீட்டுக்கு ஒரு பொட்டு, பின்கியர் டெரெய்லருக்குத் தாராளமாகச் சந்தனம். செயின் போகும் சின்னக் கப்பியில் சந்தனம் காய்ந்து கிர்கிர் என்று சத்தம் வரும். அதைத் துடைக்க இறக்குமதித் திரவம் ஒன்று இருக்கிறது. அம்மா பார்க்காதபோதுதான் துடைக்க வேண்டும்.

ஓட்டம் என்று வந்தால் இவர் கட்சியில் நியாயம் உண்டு. பழைய சைக்கிளில் பெரும்பாலும் முன்னால் 44 பல், பின்னால் 18 பல். ஒரு மிதிக்கு ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் போகும். சமதளத்துக்கு அது போதும். ஆனால் ஆடி மாதம் தேனியிலிருந்து வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று தெற்கே மிதிப்பவருக்கு, மலை இடுக்கு வழியே புகுந்து வரும் தென்மேற்குக் காற்று நேர் எதிரே நிற்கும். கம்பம் தாண்டி, லோயர் கேம்ப்பில் பெரியாறு மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்ததும் ஏற்றம் தொடங்கிவிடும். குமுளி வரை அந்த ஒரே கியரில் மிதிக்க முடியாது; இறங்கித் தள்ள வேண்டியதுதான். முன்னால் 34, பின்னால் 34 போட்டால் ஒரு மிதிக்குச் சுமார் 2.1 மீட்டர். ஊர்ந்து போனாலும் உட்கார்ந்தே போகலாம். போடிமெட்டின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளுக்கும் இதே கணக்குதான். இதற்கு டூரா ஏஸ் வேண்டியதில்லை. அதில் பத்தில் ஒரு பங்கு விலையுள்ள கியரும் இதே பல் கணக்கைத் தரும். இதை இவரிடம் சொல்லக் கூடாது.

ஏறியது பெரிதில்லை, நிறுத்துவதுதான் பெரிய பாடு. கனம் என்று ஸ்டாண்டைக் கழற்றியாகிவிட்டது. ஆகவே சுவர் உள்ள டீக்கடையாகப் பார்த்துத்தான் டீ குடிக்க முடியும். சுவர் இல்லாவிட்டால் ஒரு கையில் கிளாஸ், ஒரு கையில் சீட் என்று நின்றுகொண்டே குடிப்பார். "ஸ்டாண்டு போட்டுட்டு உக்காருங்க சார்" என்று மாஸ்டர் சொல்லும்போது முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொள்வார். திரும்பும் வழியில் தோட்டத்துக்கார நண்பர் அன்பாக ஒரு பெட்டி பன்னீர் திராட்சை கொடுப்பார். கேரியரும் இல்லை. பெட்டி நண்பரின் எக்ஸ்எல்லில் முன்னால் போகும். இவர் பின்னால் மிதித்துக்கொண்டு வருவார்.

கழற்றிப் போட்ட சாமான்கள் வீணாவதில்லை. கேரியரும் ஸ்டாண்டும் கம்பி பிரேக்கும் சைக்கிள் கடைக்காரரிடம் போய், வேறொரு ஹெர்குலிஸில் ஏறி, இரண்டு வேளையும் பால் ஊற்றப் போய்க்கொண்டிருக்கின்றன.

இந்த வரிசையில் சேர நினைப்பவருக்கு ஒரே ஒரு யோசனை. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்துவிட்டால் கம்பி பிரேக் ஏறக்குறைய பிடிக்கவே பிடிக்காது. குமுளி இறக்கத்தில் சாரல் எப்போது வரும் என்று சொல்லவும் முடியாது. அலுமினிய ரிம்மையும், கை எட்டுகிற நல்ல பிரேக்கையும் முதலில் போடுங்கள். கியரை அடுத்த போனஸில் பார்த்துக்கொள்ளலாம்.