இருந்தது, இருக்கிறது

1991 டிசம்பர் கடைசி வாரம் விடுமுறைக்கு ஊருக்கு, ராமேஸ்வரத்துக்குப் பக்கத்திலுள்ள மண்டபத்துக்குப் போயிருந்தேன். சென்னையில் எம்.ஏ. முதலாம் ஆண்டு. 'சமகாலச் சர்வதேசப் பிரச்சினைகள்' என்ற தாளுக்காக நாற்பது பக்கம் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். அதில் பாதிக்கு மேல் சோவியத் ஒன்றியம். 25ஆம் தேதி கோர்பச்சேவ் பதவி விலகினார். கிரெம்ளின் உச்சியிலிருந்து செங்கொடி இறங்கியது. அப்பா ரேடியோவை அணைத்துவிட்டு, "அப்ப நீ படிச்சதெல்லாம் என்னம்மா ஆகும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஜனவரியில் வகுப்புக்கு வந்த எங்கள் பேராசிரியர் சுவரில் தொங்கிய உலக வரைபடத்தைக் கழற்றவில்லை. வழக்கமாக ஆங்கிலத்திலேயே பாடம் நடத்துகிறவர், அன்று தமிழில் பேசினார். "நோட்டுல 'இருக்கிறது'ன்னு எழுதியிருக்கிற இடத்தையெல்லாம் 'இருந்தது'ன்னு மாத்திக்குங்க" என்றார். குரல் கொஞ்சம் தடுமாறியது. ஒரு வல்லரசை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த மனிதர். அவருக்கு அது அரசியல் செய்தி மட்டுமில்லை என்று எங்களுக்குப் புரிந்தது. யாரும் பேசவில்லை.

அந்த ஆண்டு எங்கள் பாடத்தின் அச்சாணியே இருதுருவ உலகம்தான். கென்னத் வால்ட்ஸ் 1979இல் எழுதிய புத்தகத்தை ஜெராக்ஸில் படித்தோம். பல வல்லரசுகள் போட்டியிடும் உலகைவிட இரண்டே வல்லரசுகள் உள்ள உலகம் நிலையானது என்பது அவர் வாதம். எந்த உலகம் நிலையானது என்று அவர் கேட்ட கேள்வியை இன்றும் மதிக்கிறேன். நான் பாடம் நடத்தும் வகுப்பில் இன்றும் அந்தப் புத்தகத்திலிருந்துதான் தொடங்குகிறேன். ஆனால் நாங்கள் அதை வாதமாகப் படிக்காமல் நிலவரமாகப் படித்தோம். 1991 ஜூலை 31 அன்று மாஸ்கோவில் புஷ்ஷும் கோர்பச்சேவும் தொலைதூர அணு ஆயுதங்களைக் குறைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன் ஷரத்துகளை மனப்பாடம் செய்து முடிப்பதற்குள், கையெழுத்திட்ட இரண்டு நாடுகளில் ஒன்று பதினைந்து நாடுகளாகிவிட்டது.

அந்த விடுமுறையில் இன்னொன்றும் நடந்தது. என் பள்ளித் தோழியைப் பார்க்க ஊரிலிருந்த இலங்கை அகதிகள் முகாமுக்குப் போனேன். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம்.

மன்னார்ப் பக்கத்துப் பெண். 1984இல் படகில் வந்து என்னோடு எட்டாம் வகுப்பில் சேர்ந்தாள். முதல் நாளே என்னிடம், "இஞ்ச கொஞ்ச நாள்தான். கெதியா ஊருக்குப் போயிருவம்" என்றாள். 1987 ஜூலையில் இந்திய – இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானதும் அப்படியே போனாள், சந்தோஷமாகத்தான் போனாள். 1990இல் மறுபடி போர் மூண்டதும் மறுபடி படகேறி அதே முகாமுக்கு வந்தாள். இந்த முறை பள்ளிக்கூடம் இல்லை, கல்லூரியும் இல்லை. 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு முகாம்காரர்களை ஊர் பார்த்த பார்வையே மாறியிருந்தது. கடையில் சாமான் வாங்கப் போகவே அவள் அம்மா பயந்தார். அன்றைக்கு அவள் எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்துவிட்டு, "திருப்பி அனுப்பப் போறாங்களாம், உனக்கு ஏதும் தெரியுமா? நீ இதைத்தானே படிக்கிறாய்?" என்று கேட்டாள்.

நான் இதைப் படிக்கவில்லை. இந்திய – இலங்கை ஒப்பந்தம் எந்தத் தேதியில் யார் யாருக்கிடையில் கையெழுத்தானது, இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை எப்போது திரும்பியது, எல்லாம் தெரியும். அகதிகள் என்ற தலைப்பில் பாலஸ்தீனர்களையும் ஆப்கானியர்களையும் பற்றி ஆறு பக்கம் எழுதியிருந்தேன். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை தெரியும். இந்தியா அதில் கையெழுத்திடவில்லை என்பதும் ஒரு வரியில் தெரியும். அந்த ஒரு வரி அவளுடைய கூரைக்கு என்ன பொருள் தரும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை. 1992இல் திருப்பி அனுப்புவது தொடங்கியது. விரும்பித்தான் போகிறார்களா என்று பார்க்க ஐ.நா. அகதிகள் ஆணையம் அதே ஆண்டு சென்னையில் அலுவலகம் திறந்தது. அவள் குடும்பமும் போனது. அதற்குப் பிறகு கடிதம் வரவில்லை.

இப்போது அதே தாளை நான் நடத்துகிறேன். பெயர் மாறவில்லை, உள்ளடக்கம் பெரும்பாலும் மாறிவிட்டது. பருவநிலை, குறைகடத்திகள், செங்கடலில் கப்பல்கள் மீதான தாக்குதல், 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மீது அமெரிக்கா விதித்த 50 சதவீத வரி எல்லாம் வந்துவிட்டன. வரியைப் பற்றி திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எந்த பனியன் கம்பெனியில் எத்தனை ஷிப்ட் குறைந்தது என்று அவர்கள்தான் எனக்குச் சொன்னார்கள்.

ஒரு பாடத்தைப் பழைய குறிப்பிலிருந்து நடத்தவே முடியாமல் போனது. நான் வேலைக்குச் சேர்ந்த தொண்ணூறுகளின் கடைசியில் உக்ரைனை ஆயுதக் களைவின் வெற்றியாகச் சொல்லிக்கொடுத்தேன். சோவியத் உடைந்தபோது உலகிலேயே மூன்றாவது பெரிய அணு ஆயுதக் குவியல் அந்த மண்ணில் இருந்தது. 1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்டில் உக்ரைனின் எல்லைகளை மதிப்பதாக ரஷ்யாவும் அமெரிக்காவும் பிரிட்டனும் எழுதிக்கொடுத்தன. 1996க்குள் எல்லாக் குண்டுகளும் ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்தன. இதைச் சொல்லும்போது என் குரலில் பெருமிதம் இருக்கும். 2014இல் கிரிமியா ரஷ்யாவின் கைக்குப் போனது. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா படையெடுத்த பிறகு அந்தக் குறிப்பை எடுக்கவே மனம் வரவில்லை. எழுதிக்கொடுத்ததை நம்பியவர்களுக்கு என்ன நடந்தது என்பதை இப்போது அதே பாடத்தில் சொல்கிறேன். கோபத்தோடுதான் சொல்கிறேன்.

அகதிகளுக்கு இன்று தனி அலகே உண்டு. அதில் மண்டபம் முகாமைச் சேர்த்தது நான். ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலியாட்களை நோய் பார்த்து நிறுத்திவைத்தது அங்கேதான். 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் அதே தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் வந்து தங்கியதும் அங்கேதான். பிறகு 1983 கலவரத்துக்குத் தப்பியவர்கள், பிறகு 1990 போருக்குத் தப்பியவர்கள். இலங்கையில் பொருளாதாரம் நொறுங்கிய 2022இல் தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கியவர்களையும் அங்கேதான் கொண்டுவந்தார்கள். கிட்டத்தட்ட எழுபது ஆண்டுகள் கோட்டையாக நின்ற வல்லரசு போய்விட்டது. கொஞ்ச நாளுக்கென்று போட்ட முகாம் அப்படியே நிற்கிறது. 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயரை மாற்றினார்கள். அந்த மாற்றத்தை நான் வரவேற்றேன். பெயரோடு நின்றுவிடக் கூடாது என்று அப்போதே எழுதவும் செய்தேன்.

இந்த ஆண்டு என் வகுப்பில் முகாமிலிருந்து ஒரு மாணவி இருக்கிறாள். பிறந்ததும் வளர்ந்ததும் தமிழ்நாட்டில். வகுப்பில் வால்ட்ஸை மடக்கிக் கேள்வி கேட்கிற ஒரே ஆள் அவள்தான். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொல்லி நான்தான் தூண்டினேன். போன வாரம் படிவத்தோடு வந்து, குடியுரிமை என்ற கட்டத்தில் விரலை வைத்தாள்.

"இதுல என்ன மேடம் எழுதணும்?"

1987 ஜூலை முதல் இந்தியாவில் பிறந்தவருக்கு இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது. பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அவள் அம்மா, அப்பா இருவருமே 1990இல் குழந்தைகளாகப் படகில் வந்தவர்கள். இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிந்து அந்த நாட்டுக் குடியுரிமை கேட்கலாம். அதற்குக் காட்ட வேண்டிய பழைய சான்றிதழ்கள் வீட்டோடு எரிந்துபோயின. 2019இல் திருத்திய குடியுரிமைச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றோடு நின்றுவிட்டது. இதையெல்லாம் அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவளே வரிசையாகச் சொன்னாள், செமினாரில் சொல்வதுபோல.

முப்பது சொச்சம் வருடத்துக்கு முன்னால் தேநீர்க் குவளையோடு உட்கார்ந்திருந்த மாதிரி வாயடைத்து உட்கார எனக்கு விருப்பமில்லை. மதுரையில் தெரிந்த வழக்கறிஞருக்கு அவள் முன்னாலேயே போன் போட்டேன். எந்தெந்தத் தாள் வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, அவள் அந்தப் படிவத்தின் பின்பக்கத்திலேயே குறித்துக்கொண்டாள். பதினொரு தாள். நான்கு இருக்கிறது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை.