கொடுத்துவைத்தவர்களின் விருந்து

விருந்தோம்பலுக்கென்று வள்ளுவர் ஒன்பதாம் அதிகாரத்தை ஒதுக்கிப் பத்துக் குறள் எழுதினார். பத்திலும் முன்பணம் பற்றி ஒரு சொல் கிடையாது. இத்தனை நூற்றாண்டாக யாரும் கவனிக்காத அந்தக் குறையை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் சப்பர் கிளப் நடத்தும் ஓர் இளைஞர் நீக்கியிருக்கிறார். தலைக்கு 4,500 ரூபாய், வரி தனி, கட்டிய பணம் திரும்பாது. வாசல்படி மிதிக்கும் முன்பே கொடுத்துவிடுவதால், அங்கே உட்கார்ந்த நாங்கள் எல்லோரும் உண்மையிலேயே கொடுத்துவைத்தவர்கள்.

சப்பர் கிளப்பை ஓட்டல் என்று சொல்லிவிடக் கூடாது, கோபித்துக்கொள்வார்கள். சொந்த வீட்டிலோ வாடகைக்குப் பிடித்த வீட்டிலோ, சில இரவுகள் மட்டும் நீள மேசை போட்டு, முன்பின் அறியாதவர்களை வரிசையாக உட்காரவைத்துப் பரிமாறுவது. பருவம் முடிந்ததும் மூட்டை கட்டிவிடுவார்கள். இப்போது நடப்பது ‘கோடைப் பருவம்’. முகவரி அன்று மதியம்தான் வாட்ஸ்அப்பில் வரும். தேடி வரும் விருந்தாளிக்குக் கொஞ்சமாவது சிரமம் இருந்தால்தானே மரியாதை?

சென்னைக்கு இதெல்லாம் பழைய சங்கதி என்று சிலர் சொல்வார்கள். மார்கழிக் கச்சேரி காலத்தில் சபா வளாகங்களில் சில வாரம் மட்டும் முளைக்கும் கேன்டீன்களைக் கைகாட்டுவார்கள். அந்தச் சமையல்காரர்களை இவர் பக்கத்தில் நிறுத்துவதே அநியாயம். அவர்கள் இடத்தை ஊரறியச் சொல்லிவிடுகிறார்கள். கச்சேரிக்கு டிக்கெட் வாங்காதவனும் ராகம் எது, தாளம் எது என்று தெரியாதவனும் நேரே வந்து இலை முன்னால் உட்காருகிறான். கேட்டால் மறுபடி சாம்பார் ஊற்றுகிறார்கள், கேட்காமலும் ஊற்றுகிறார்கள். ஒரு கலைஞனுக்கு வேண்டிய கட்டுப்பாடு அவர்களிடம் துளியும் இல்லை.

நம்மவர் அப்படி அல்ல. ஏழரைக்கு வரச் சொன்னார். ஒன்பதேகாலுக்கு முதல் தட்டு வந்தது. பசித்துப் புசி என்று வீட்டில் நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அதைச் சொன்னதோடு சரி; செய்து காட்டியவர் இவர்தான்.

முதலில் வந்தது ‘ஃபெர்மென்டட் ரைஸ் கான்சொம்மே’. விரல் நுனி அளவுக் கண்ணாடிக் குப்பியில், தெளிந்த நீராகாரம். அதன்மேல் மிதக்கும் சின்ன வெங்காயத்தின் ஒற்றை வளையம். குடிக்க இரண்டு விநாடி. கதை கேட்கப் பத்து நிமிடம். கிராமத்துப் பாட்டி, மண்பானை, விடியற்காலை என்று கண் கலங்கச் சொன்னார். பாட்டி அவருக்குச் செம்பு நிறையக் கொடுத்தாராம். பாவம், பாட்டிக்கு அளவு தெரியவில்லை. பேரனுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்தது வேப்பம்பூ. பங்குனி, சித்திரையில் மரத்தடியில் துணி விரித்து, உதிர்ந்ததைக் கூட்டி அள்ளி, காயவைத்து, வருடம் முழுக்க ரசம் வைப்பது நம் வீட்டுப் பெண்களின் ஊதாரித்தனம். இவர் இடுக்கியால் மூன்று பூக்களை எடுத்து ஒரு கரண்டி வெல்லப் பாகின்மேல் வைத்தார். நான்காவது பூ விழுந்துவிடாமல் அவர் கை காட்டிய நிதானத்தை எந்த அறுவை மருத்துவரிடமும் நான் பார்த்ததில்லை.

விருந்தின் நடுநாயகம் வஞ்சிரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன் இனம் பெருகட்டும் என்று கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. நாட்டுப்படகுகள் மட்டும் கரையை ஒட்டிப் போய்வரும். கிடைக்கும் கொஞ்ச மீனுக்கும் விலை ஏறிக்கிடக்கும். கடலுக்கே எது பருவம் இல்லையோ அதைப் பருவ விருந்தின் மையத்தில் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும். “இன்னிக்குக் காலைல, இதோ பின்னாடி இருக்கிற கடல்ல பிடிச்சது” என்றார். கட்டைவிரல் அளவுத் துண்டின் நடுவில் பனி நறநறத்தது. மே மாதப் புழுக்கத்தில் நாங்கள் வேர்த்து வடிந்துகொண்டிருக்க, வங்காள விரிகுடா உள்ளுக்குள் இப்படி உறைந்து கிடக்கிறது என்பதை எந்தப் பூகோளப் புத்தகமும் எனக்குச் சொன்னதில்லை.

பக்கத்தில் நின்ற பையனிடம், “தம்பி, கொஞ்சம் சோறு கிடைக்குமா?” என்று மெதுவாகக் கேட்டேன்.

“அங்கிள், இது டேஸ்டிங் மெனு. இன்னிக்குக் கதையில ரைஸ் வராது” என்றான்.

எவ்வளவு பக்குவமான பதில்! சோறு இல்லை என்று சொல்லி என்னை அவன் அவமானப்படுத்தவில்லை. கதையில் இடமில்லாத பாத்திரத்தை நான்தான் கேட்டிருக்கிறேன்.

கடைசியில் மாம்பழம் நுரையாக வந்தது. கரண்டி பட்டதும் காணாமல் போனது. வயிற்றுக்குப் பாரம் தரக் கூடாதென்ற கருணை. அந்த வீட்டு முற்றத்திலேயே ஒரு மாமரம். நாங்கள் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்கப் பழுத்த பழம் தொப்புத்தொப்பென்று விழுந்துகொண்டிருந்தது. கை கழுவப் போன வழியில் சமையலறை வாசலைப் பார்த்தேன்: மாம்பழக் கூழ் டின்கள் அடுக்கியிருந்தன. கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகளில் அரைத்து அடைத்து, கப்பலேறிப் போகிற சரக்கு. கண்முன்னால் விழுகிற பழத்தை அணிலுக்கு விட்டுவிட்டு, தனக்கென்று டின்னைத் திறக்கிற ஜீவகாருண்யம் எத்தனை பேருக்கு வரும்?

சட்டத்தையும் அவர் மதிக்கிறார். ஓட்டல்கள் சேவைக் கட்டணத்தைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. அதனால் இவர் வசூல் எதுவும் செய்யவில்லை. வாசலில் கியூஆர் அட்டையோடு ஒரு பெண்ணை நிறுத்தி, பத்து விழுக்காடு ‘நன்றிக் கொடை’ வந்து சேர்ந்த சத்தம் போனில் கேட்ட பிறகு, செருப்பு இருக்கும் இடத்தைக் காட்டச் சொல்லியிருந்தார். கொடையைப் போய் யாராவது கட்டணம் என்பார்களா?

திரும்பும் வழியில் சாலையோரத் தள்ளுவண்டி முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. என்னோடு மேசையில் இருந்தவர்கள் ஆளுக்கு நான்கு இட்லி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த ஏழை வியாபாரிக்கும் ஒரு ராத்திரிப் பிழைப்பை ஏற்பாடு செய்து கொடுத்தவர் அவர்தானே.

இப்படிப்பட்டவரை மனதார வாழ்த்தாமல் இருக்க முடியுமா? அவர் நூறாண்டு வாழட்டும். எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும், பசியோடு இலை முன்னால் இருக்கிற ஒவ்வொரு வேளையும், அவர் எங்களுக்குப் பரிமாறிய அதே அளவு அவருக்கும் குறையாமல், கூடாமல் கிடைக்கட்டும்.