கப்பல் விளம்பரவியலில் பழவேற்காட்டின் இடம்: ஒரு முன்னுரைக்கு முன்னுரை

கப்பல் கம்பெனிகளின் பழைய விளம்பரச் சுவரொட்டிகளைச் சேகரிப்போர் இருவகையினர்: காசுள்ளவர், மற்றவர். மற்றவரைப் பற்றி ஆய்வுலகம் இதுவரை வாய் திறக்கவில்லை. காசுள்ளவர், 1935-இல் ஓவியர் கஸாண்டர் வரைந்த 'நார்மண்டி' கப்பல் சுவரொட்டியை ஏலத்தில் எடுத்து ஏசி அறையில் மாட்டுகிறார். கப்பலின் முகப்பு வானத்தை அடைத்து நிற்கும். நீர்மட்டத்தில் பொடிப்பொடியாகச் சில வெள்ளைப் பறவைகள். பூநாரைகள் கூட்டங்கூட்டமாக வந்திறங்கும் பழவேற்காட்டு ஏரிக்கரையில் இப்படியொரு சுவரொட்டி ஏன் தோன்றவில்லை என்று வினவுவோர் உளர். தோன்றியது, முன்னூறு ஆண்டு முன்னதாகவே, அதுவும் கல்லில் தோன்றியது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

1602-இல் தொடங்கிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையை எழுப்பியது. கோட்டை பாழானது; கம்பெனியின் கல்லறைத் தோட்டம் நிலைத்தது. குலச் சின்னங்கள், புடைப்பெழுத்தில் நீண்ட டச்சு வாசகங்கள், வாசலில் இருபுறமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள். கல்லில் தோன்றிய சுவரொட்டி இதுவே. சுவரொட்டி என்றால் காகிதம் வேண்டும் என்பது காகிதவாதிகளின் முதல் தடை. ஏரிக்கரையின் உப்புக் காற்றில் காகிதம் ஒரு மழைக்காலம் தாங்காது. தாங்கினாலும் ஆடு விடாது. ஆடு மேய முடியாத சுவரொட்டியே தலையாய சுவரொட்டி. இதற்கு மறுப்பாக, காகிதவாத முதல்நூலுக்கு உரைகண்டவரின் மாணவர், அவ்வுரையின் மூன்றாம் பதிப்புப் பிழைதிருத்தப் பட்டியலில் "கல் ஒட்டாது" என்று எழுதியதாக, அப்பட்டியலைக் கண்ணால் காணாத ஒருவர் கருத்தரங்கச் சுருக்கத்தில் குறித்துள்ளார். அதை, அக்கருத்தரங்குக்கே போகாத மூவர் மேற்கோள் காட்டிப் பதவி உயர்வும் பெற்றுவிட்டனர். எனவே இத்தடை வலுவானதே. சரியானது மட்டும் அன்று.

விளம்பரம் என்றால் பயணத்துக்கு அழைக்க வேண்டுமே என்பர். எலும்புக்கூடு அழைக்கவில்லையா? மற்றக் கம்பெனிகள் தென்னை மரத்தையும் மாலை வெயிலையும் காட்டி, குமட்டலை மறைத்தன. பயணம் எங்கே முடியும் என்பதை வாசலிலேயே சொன்ன கம்பெனி இது ஒன்றுதான்.

கனமான தடை வேறொன்று. இக்கரையில் துணி மட்டும் ஏற்றவில்லை. மனிதர்களையும் அடிமைகளாகப் பத்தாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தாவுக்கு) ஏற்றினார்கள். அவர்களை யாரும் அழைக்கவில்லை, ஆகவே அவர்களுக்கெனச் சுவரொட்டியும் இல்லை, கல்லும் இல்லை. சேகரிப்பாளரின் பட்டியலில் இந்த இடம் காலியாகவே இருக்கிறது. வண்ண அச்சின் நுணுக்கத்தைப் பற்றி நானூறு பக்கம் எழுதும் அறிஞர்கள் இதற்கு அடிக்குறிப்பில்கூட இடம் தருவதில்லை; தாள் விலை காரணமாக இருக்கலாம்.

வீட்டுக்கு எடுத்துப்போக முடியாததைச் சேகரிப்பு எனலாமா? கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் மீனவர்களிடம் கேட்கலாம். முறைவைத்து மீன்பிடிக்கும் அவர்களது 'பாடு' வழக்கப்படி ஏரியில் வலை போடும் இடம் யாருக்கும் சொந்தமில்லை. முறை வந்தவர் இறங்குவார், அடுத்த நாள் மற்றவருக்கு விடுவார். கல்லறையையும் அவ்வாறே முறை வைத்துப் பார்த்துவிட்டுப் போகலாம். பெயர்த்தெடுக்க ஆசைப்படுவோர் தொல்லியல் துறைக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எஞ்சிய சிக்கல் ஒன்றே: வாசலின் இரு எலும்புக்கூடுகளும் தனித்தனிப் படைப்புகளா, ஒரே பதிப்பின் இரு பிரதிகளா? பிரதிகள் என்றால் விலை பாதியாகும். கம்பெனி 1799-இலேயே கலைந்துவிட்டதால் பதிப்புரிமை கேட்டு எவரும் வரப்போவதில்லை. ஆய்வுநிதி தருவோர் வரலாம்.