மிதந்தும் மிதவாமலும்: தூண்டில் தக்கை குறித்த ஒரு நுண்ணாய்வு

குளத்துத் தூண்டில் குறித்து முறையான ஆய்வு தமிழில் இதுவரை நிகழவில்லை என்பது இவ்வாய்வாளன் தேடிப் பார்க்காமலேயே கண்டறிந்த உண்மை. இதற்கு ‘ஆய்வு இடைவெளி’ என்று பெயர். முதலில் இடைவெளியை அறிவித்துவிட்டு, பிறகு அதில் துண்டைப் போட்டு இடம்பிடிப்பது துறை வழக்கம்.

தூண்டுகோல் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் பார்வையாளனாக உட்கார நேர்ந்தது. பன்னாடு என்பதற்குச் சான்றாக, சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த அமைப்பாளரின் மைத்துனர் முன்வரிசையில் இருந்தார். ‘இலக்கியங்களில் படி’ என்று ஒருவர் நாற்பது நிமிடம் வாசித்தார். ஏறுகிற படியா, அளக்கிற படியா என்பது கடைசிவரை விளங்கவில்லை. கைதட்டினோம். நாமும் ஒன்று எழுதுவது என்று சாம்பார் சாதம் வாங்க வரிசையில் நின்றபோதே முடிவு செய்துவிட்டேன்.

ஆய்வு எல்லை: மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் ஊர்க் குளம், கிழக்குக் கரை, புங்க மரத்தடி. காலம்: ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். கருதுகோள்: குளத்தில் மீன் இருக்கிறது.

சொல்லாய்வு இல்லாமல் தமிழில் எந்த ஆய்வும் கரையேறாது. தூண்டில் என்ற சொல் ‘தூண்டு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. இதுவரை சண்டையில்லை. தூண்டப்படுவது யார் என்பதில்தான் இரு கட்சி. மீன் என்பது கரைக்கட்சி. ஒருவனை மூன்று மணி நேரம் வெயிலில் அசையாமல் உட்காரவைப்பது எதுவோ அதுவே தூண்டுவது. ஆகவே தூண்டப்படுபவன் மனிதன் என்பது வீட்டுக்கட்சி (பார்க்க: என் மனைவி, சமையலறை வாசல், பல இடங்களில்). ‘டூனா’ என்ற மீன்பெயரும் தூண்டிலிலிருந்தே உலகுக்குப் போயிற்று என்று யாரேனும் நிறுவ வந்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். அந்த மேடையில் நிற்க ஏற்கெனவே இடமில்லை.

முன்னாய்வுகளுக்கு வருவோம். ஆங்கிலத்தில் தூண்டில் பற்றிய நூல் 1496இலேயே அச்சேறிவிட்டது. எழுதியவர் ஒரு கன்னிகாஸ்திரீ என்பது மரபு. அப்படி ஒரு பெண்மணி இருந்தாரா என்பதில் அறிஞர்களுக்குள் தகராறு. 1653இல் ஐசக் வால்டன் எழுதிய நூலைத் தூண்டில் தொடாதவர்களும் வாங்கி அலமாரியில் வைக்கிறார்கள். நம் பக்கத்தில், சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்த எச். எஸ். தாமஸ் இந்தியத் தூண்டிலைப் பற்றி 1873இல் ஒரு நூல் எழுதினார். அது போதாதென்று 1887இல் குளத்துத் தூண்டிலுக்கென்றே இன்னொன்று. கோப்புகளை எப்போது பார்த்தார் என்பது தனி ஆய்வுக்குரியது.

இத்துறையின் உச்சம் எங்களூரிலிருந்து ஒரு பஸ் பிடித்தால் போய்விடுகிற தரங்கம்பாடியில் நிகழ்ந்தது. டேனியர் காலம். 1791 நவம்பரில், டால்டோர்ஃப் என்ற படை அதிகாரி, குளத்தோரப் பனை ஒன்றின் வெடிப்பில், தண்ணீருக்கு ஐந்தடி மேலே, ஒரு மீன் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதினார். 1797இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் அது அச்சாயிற்று. வேறெதுவும் இல்லை, நம் பனையேறிக் கெண்டைதான். அது காற்றைச் சுவாசிக்கும், செவுள்மூடியின் முட்களை ஊன்றி ஈரத்தரையில் நகரும். இதில் யாருக்கும் மறுப்பில்லை. பனை ஏறுமா என்றுதான் நூறு வருஷத்துக்கு மேல் வாதம். காக்கையோ பருந்தோ கவ்விக்கொண்டு போய் மரத்தில் விட்டிருக்கும் என்றுகூடப் பின்னால் விளக்கம் வந்தது. மீனுக்குப் பனையேறி என்று பேர் வைத்தவனை மட்டும் ஒருவரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. அவன் எந்த ஏட்டிலும் கட்டுரை வெளியிட்டிருக்கவில்லை என்பதே காரணமாகலாம்.

இனிக் கருவிகள்.

கழி: மூங்கில்.

நரம்பு: நைலான். சிக்கும்.

முள்: கடையில் நம்பர் சொல்லித்தான் வாங்க வேண்டும், நம்பர் கூடக் கூட முள் சிறுத்துக்கொண்டே போகும். 16ஆம் நம்பர், 8ஆம் நம்பரைவிடச் சின்னது. முள் பெருக்கப் பெருக்க நம்பர் இறங்கி 1இல் வந்து நிற்கும். அதற்கும் பெரிது வேண்டுமென்றால் 1/0, 2/0 என்று மறுபடி ஏறத் தொடங்கும். இதை வகுத்த மூளை கல்லூரிகளுக்குத் தரவரிசை போடும் இடத்தில் இருந்திருக்க வேண்டியது.

இரை: கெண்டைக்கு மைதா உருண்டை, கெளுத்திக்கு மண்புழு, விராலுக்குத் தவளைக்குஞ்சு. இப்போது ரப்பர் தவளையும் சேர்ந்திருக்கிறது. அமெரிக்கர்களுக்கு பாஸ் என்ற மீன்மேல் தீராத பைத்தியம். அது பாசிக்கும் அல்லி இலைக்கும் அடியில் பதுங்கியிருந்து, மேலே போகிற தவளையைத் தாவி அடிக்கும். அதற்காக உள்ளே பொள்ளலான ரப்பர் தவளை ஒன்று செய்தார்கள். இரட்டை முள் அதன் முதுகோடு ஒட்டிப் படுத்திருப்பதால் செடியில் மாட்டாது; மீன் கவ்வி உடம்பு அமுங்கினால் மட்டும் முள் வெளியே வரும். நம் விராலுக்கும் அச்சாக அதே புத்தி. ஆகவே அதே தவளை இன்று கூரியரில் வந்து, எங்கள் ஆகாயத்தாமரை மேல் தத்திக்கொண்டிருக்கிறது. ‘மளார்’ என்று தண்ணீர் வெடித்ததும் சுண்டினால் தவளை மட்டும் திரும்பி வந்து நம் நெற்றியில் அடிக்கும். ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டு, நரம்பு இறுகிய பிறகே சுண்ட வேண்டும்.

பாஸ் ஆய்வாளர்களிடம் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெரி பிடித்த பாஸ் 22 பவுண்டு 4 அவுன்ஸ், ஏறக்குறைய பத்து கிலோ. உலக சாதனை. எடை போட்ட கையோடு, முதன்மை ஆதாரத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா பிடித்தது அதைவிட ஓர் அவுன்ஸ் கூட. ஆனால் பழைய சாதனையை முறியடிக்க இரண்டு அவுன்ஸாவது கூட வேண்டும் என்பது விதி. எனவே இருவரும் சமம் என்று தீர்ப்பாயிற்று. இந்த விதியை எழுதியவரைப் பார்த்தால் காலில் விழுவேன்.

அடுத்து, நீரைப் படித்தல். கல்வெட்டு படிப்பதைவிட இது கடினம், ஏனெனில் கல்வெட்டு நகராது. விடியலுக்குச் சற்று முன் குளத்தில் பிராணவாயு அடிமட்டத்தில் இருக்கும். பகலில் பாசி சம்பாதித்ததை இரவெல்லாம் பாசியும் மீனுமாகத் தின்று தீர்த்திருக்கும். மாதக் கடைசிக் குடும்பம். அந்நேரம் கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளக்கும், இரையைச் சீண்டாது. மேட்டூர் திறந்து (ஜூன் 12 என்பது கணக்கு, அணையில் இருந்தால்) புதுத்தண்ணீர் செம்மண் நிறத்தில் மதகு வழியே குளத்துக்குள் விழும்போது, மீன் அதை எதிர்த்து மதகடிக்கு வந்து நிற்கும். அன்றைக்கு யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்பதால் அது ஆய்வுக்குத் தகுதியற்ற நாள்.

குமிழி நான்கு வகைப்படும். ஒரே இடத்தில் விட்டு விட்டு வருவது, சேற்றில் இலை அழுகும் வாயு. பொடிப்பொடியாக நகர்ந்துகொண்டே வருவது, அடியில் மீன் சேற்றைக் கிளறுவது. ‘ளப்’ என்ற ஒற்றைச் சத்தத்தோடு ஒரே ஒரு வட்டம் விரிந்தால், காற்றுக் குடிக்க வந்த விரால். நான்காவது, எதிர்க்கரைப் பையன்கள் கல்லெறிந்தது. முதல் வகைக்கு முன்னால் நான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்திருந்தேன் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இனி ஆய்வின் மையப் பகுதி: தக்கை.

பண்டைத் தக்கை மயிலிறகுத் தண்டு, அல்லது நெட்டி. பிற்காலத் தக்கை தேய்ந்த ரப்பர் செருப்பிலிருந்து அரிவாள்மணையில் நறுக்கிய சுண்டுவிரல் நீளத் துண்டு. ஊரில் இன்று வழங்குவது இதுவே. இந்த இடத்தில் ஆய்வுலகம் இரண்டாகப் பிளக்கிறது: தக்கைக்கு உரியது இடது கால் செருப்பா, வலது கால் செருப்பா?

இடங்கால் மரபினர் கூறுவது: பைக்கை உதைத்துக் கிளப்புவது வலது கால். ஆகவே வலது செருப்பின் ரப்பர் நசுங்கி இறுகிவிடும், மிதக்காது. இடதே தக்கை (டீக்கடை மேற்கு பெஞ்சு, வாய்மொழி, முதல் டீ). வலங்கால் மரபினர் மறுப்பது: இறுகிய ரப்பர் அரைகுறையாக மிதப்பதே நல்லது. பாதிக்கு மேல் வெளியே நிற்கும் தக்கையை இழுக்க மீன் சிரமப்படும், சந்தேகப்பட்டு இரையைத் துப்பும். மூக்குமட்டும் தெரியும் தக்கையே சிறு கடியையும் காட்டும். எனவே வலது (மேலது, கிழக்கு பெஞ்சு). உண்மையைச் சொன்னால் இந்த வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் உண்மையைச் சொல்வது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இருவருக்கும் இடையே புகுந்தவர் மதகுமேட்டுப் பெரியவர். குதிகால் பகுதியா, விரல் பகுதியா என்பதே கேள்வி, கால் எதுவானால் என்ன என்றார் (காலை, வெற்றிலைக்கு முன்). கால்தான் முக்கியம் என்றும் அவரே சொல்லியிருக்கிறார் (மாலை, வெற்றிலையோடு; உச்சரிப்புத் தெளிவின்மையால் ‘காற்றுதான் முக்கியம்’ என்பது பாடபேதம்). ‘காற்று’ பாடத்தை ஏற்று அவருடைய மருமகன் ஒரு தனிக் கிளையே தொடங்கினார் (பார்க்க: மேற்படியார், படித்துறை மூன்றாம் படி, தண்ணீர் வற்றிய பதிப்பு). ‘பாக்குதான் முக்கியம்’ என்று அவர் கேட்டது பெரியம்மாவைத்தானே தவிர உலகைப் பார்த்து அல்ல என்பது எதிர்வீட்டு உரை (மேலதன் கீழது, திண்ணையிலிருந்து எட்டிப் பார்த்துக் கூறியது, கையெழுத்து இல்லை). மூன்று உரைகளையும் ஒப்பிட்டு நான் தயாரித்துள்ள செம்பதிப்பில் மூலம் ஒரு வரி, அடிக்குறிப்பு பதினோரு பக்கம். நெறியாளர் பெயரை முதலில் போட வேண்டும் என்பதால் பெரியவரின் பெயர் கடைசியில் வரும், இடமிருந்தால்.

தக்கையின் அசைவுக்கும் இலக்கணம் உண்டு. மெய்ப்பாடு எட்டென்று தொல்காப்பியர் வகுத்தது தக்கையைப் பார்த்தே என்பது என் துணிபு. தத்தித் தத்திக் குதித்தால் நகை: பொடிக் கெண்டை மாவை மட்டும் கொறிக்கிறது. ஆடாமல் மெல்லச் சரிந்து ஒரு பக்கம் போனால் இளிவரல்: நண்டு. நின்றிருந்த தக்கை திடீரென்று படுத்துவிட்டால் மருட்கை: அடியில் இரையெடுத்த மீன் தலையைத் தூக்கியதில் ஈயக்குண்டும் தூக்கப்பட்டுவிட்டது; இதை அறியாதவர் காற்று என்று விட்டுவிடுவார்கள். சட்டென்று நேர்கீழாக மறைந்தால் பெருமிதம். எதுவும் நிகழாமல் வெயில் உச்சிக்கு வந்தால் வெகுளி. ஆனால் அது தக்கையில் அல்ல, கரையில் தோன்றும்.

ஆறாவது ஞாயிறு, பெருமிதம் நேர்ந்தது. அப்போது என் கையில் கழி இல்லை, பேனா இருந்தது. ‘பாடபேதம்’ என்று எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது கழியே குளத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தது, அதன் முன்னால் என் இடது கால் செருப்பிலிருந்து அன்று காலைதான் நறுக்கிய நீலத் தக்கை.

ஒற்றைச் செருப்போடு தார்ச்சாலை வழியே திரும்பினேன். வாய்மொழித் தேர்வு வாசலிலேயே நடந்தது.

“இன்னொண்ணு எங்கே?”

“தக்கையாச்சு.”

“மீனு?”

“அது மேலாய்வுக்குரியது.”

புறத்தேர்வாளர் பதில் சொல்லாமல் உள்ளே போய்க் கத்திரிக்காய் நறுக்கத் தொடங்கினார். சற்று நேரத்தில் எதிர்க்கரைப் பையன் ஒருவன், கல்லெறிந்தவர்களில் சின்னவன், வந்து வாசலில் நின்றான். கையில் கோரையில் கோத்த நான்கு கெளுத்தி. கண் முழுக்க அந்த ஒற்றைச் செருப்பின்மேல் இருந்தது.

“மாமா, இது உங்களுக்கு வேணுமா?”

வலது கால். நான் பதில் சொல்வதற்குள் குனிந்து எடுத்துக்கொண்டான்.